லத்தீன் நிரப்பிய பக்கம்

பத்திரிகைப் பக்கம் வடிவமைப்பவர்கள், கட்டுரை கைக்கு வருமுன் ‘லோரம் இப்சம்’ என்று தொடங்கும் லத்தீன் வரிகளை நிரப்பிப் பார்ப்பார்கள். ரோமாபுரியின் சிசரோ கி.மு. 45-இல் எழுதிய நூலைச் சிதைத்து எடுத்த வரிகள் அவை. பொருள் புரிந்தால் கண் படிக்கப் போய்விடும். புரியாதபோதுதான் எழுத்தளவும் இடைவெளியும் படத்தின் இடமும் கண்ணில் படும்.

தமிழ்ப் பக்கத்துக்கு இது போதவே போதாது. ‘விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு’ என்று ஒடுக்கமான பத்தியில் அடித்துப் பாருங்கள். முதல் சொல்லே வரியை அடைத்துக்கொள்ளும். மேல்வரியின் உகரச் சுழிகள் கீழ்வரியின் புள்ளிகளோடு முட்டும். லத்தீனில் அழகாக நின்ற பக்கம் தமிழில் நெரிந்துபோகும். விழுப்புரத்து அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறீர்களா? மாதிரியை உங்கள் ஊர்ப்பெயர், உறவினர் பெயர்களோடு தமிழிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.