அணைந்த ரவுட்டர் எல்லாம் செத்த ரவுட்டர் அல்ல

(நமது குடியிருப்போர் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலில் ஒரு மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். போன மழைக்காலத்தில் நம் வாசல் கேமராக்கள் இரண்டு இரவு வேலை செய்யவில்லை. காவலாளி அண்ணன் தன் அறையில் இருக்கும் ரவுட்டரை ஏதோ நோண்டிவிட்டார் என்று நம்மில் சிலர் அவரைக் கடிந்துகொண்டோம். அவர் அதைத் தொடவே இல்லை. கெடுத்தது நான்தான். வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் அந்த ரவுட்டரின் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே எழுதி வைத்திருக்கும் இயக்க மென்பொருளை, புதுப்பிக்கக் கொடுத்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் எடுத்த பிறகு பார்த்தால் ஒரே ஒரு விளக்கு விட்டு விட்டு எரிகிறது, அவ்வளவுதான். சரி செய்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் பேசாமல் இருந்தேன். திட்டு முழுக்க அவருக்குப் போனது. அவரிடம் நேரில் மன்னிப்பு கேட்டுவிட்டேன். உங்கள் முன்னாலும் கேட்கிறேன்.

கடைக்கு எடுத்துப் போனதும், "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். ஆனால் போர்டு போகவில்லை. அதே ரவுட்டர்தான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி மீண்டது என்பதைச் சொன்னால் உங்கள் வீட்டிலும் ஒரு நாள் உதவும்.

ரவுட்டருக்குள் ஒரு சிறிய நினைவகச் சில்லு இருக்கிறது. அதைப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். முதல் பகுதியில் இருப்பது பூட்லோடர் என்ற மிகச் சிறிய நிரல். மின்சாரம் வந்ததும் முதலில் எழுந்திருப்பது அதுதான். அடுத்த பெரிய பகுதியில் ஃபர்ம்வேர். இன்னொரு பகுதியில் நம் வைஃபை பெயர், கடவுச்சொல் போன்ற அமைப்புகள். வழக்கமான புதுப்பிப்பில் மாறுவது பெரும்பாலும் ஃபர்ம்வேர் பகுதி மட்டும். ஒரு ஃபிளாட்டில் உள்ளே இடித்து வேலை நடக்கிறது, பாதியில் நின்றுவிட்டது என்றால் வீட்டில் குடியிருக்க முடியாது. ஆனால் வாசலில் காவலாளி இருக்கிறார். பூட்லோடர் அந்தக் காவலாளி. சரியான ஆள் சரியான பொருளோடு வந்தால் உள்ளே விடுவார்.

முதல் விஷயம், அவசரப்படாதீர்கள். திரை உறைந்து நின்றாலும் ரவுட்டர் உள்ளே எழுதிக்கொண்டிருக்கலாம். கால் மணி நேரம் பிளக்கைப் பிடுங்காமல் விடுங்கள்.

பிறகு விளக்குகளைப் பாருங்கள். ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். நம் கடலோர உப்புக் காற்றில் பின்கள் சீக்கிரம் பாசம் பிடித்துவிடும். அதே வோல்ட்டும், குறையாத ஆம்பியரும் உள்ள வேறு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். விளக்குகள் ஒரே வரிசையில் எரிந்து அணைந்து மறுபடி எரிகின்றன என்றால் அது நல்ல அறிகுறி. பூட்லோடர் எழுந்து, ஃபர்ம்வேரைத் தேடி, கிடைக்காமல் திரும்பத் திரும்ப முயல்கிறது.

அடுத்து எல்லோரும் செய்வது, ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்துவது. அது அமைப்புகளை மட்டும்தான் அழிக்கும். உடைந்த ஃபர்ம்வேரை ஒட்டவைக்காது. செய்ய வேண்டியது வேறு. ரவுட்டரை அணைத்துவிட்டு, ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடியே மின்சாரம் கொடுக்க வேண்டும். விளக்கு மிட்டுகிற விதம் மாறியதும் விட வேண்டும். பல ரவுட்டர்கள் இப்படித்தான் மீட்பு நிலைக்குப் போகின்றன.

இப்போது வைஃபை உதவாது. லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரின் லேன் துளையில் ஒயரைச் செருகுங்கள். இந்த நிலையில் ரவுட்டர் யாருக்கும் முகவரி கொடுக்காது. ஆகவே லேப்டாப்புக்கு ஐ.பி. முகவரியை நாமே கையால் போட வேண்டும். டி-லிங்க் மாடல்கள் பலவற்றில் லேப்டாப்புக்கு 192.168.0.10 என்று கொடுத்து, பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்தால் மீட்புப் பக்கம் திறக்கும். ஆசஸில் அதற்கென்று ஒரு சிறு மென்பொருளை அவர்களே தருகிறார்கள். டிபி-லிங்கின் சில மாடல்களில் லேப்டாப்பை 192.168.0.66 என்று வைத்து, ஃபர்ம்வேர் கோப்புக்கு அந்த மாடலுக்குரிய பெயரைக் கொடுத்து, டி.எஃப்.டி.பி. என்ற முறையில் காத்திருந்தால் ரவுட்டரே வந்து எடுத்துக்கொள்ளும். அப்போது லேப்டாப்பின் ஃபயர்வால் குறுக்கே நிற்கும். அதைச் சற்று நேரம் அணைத்துவிட்டு, முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது கோப்பில்தான். ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் வி1, வி2, வி3 என்று இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சில்லுகளே வேறாக இருக்கலாம். நம்முடையது வி3. நான் முதலில் கொடுத்தது வி2. நல்ல வேளை, மீட்புப் பக்கம் அதை ஏற்க மறுத்தது. தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து மட்டும் கோப்பை எடுங்கள். ஏற்றிய பிறகு ஐந்து பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியில் இதையெல்லாம் செய்யாதீர்கள். அது அவர்கள் பராமரிப்பது, அவர்களைக் கூப்பிடுங்கள். இரண்டாவது, பூட்லோடரே அழிந்துபோயிருந்தால் பெட்டியைத் திறந்து போர்டில் ஒயர் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். அது அனுபவம் உள்ளவர் வேலை. முடியாவிட்டால் மின்கழிவில் சேருங்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.

"இவ்வளவு வம்பு எதற்கு, புதுப்பிக்காமலே விட்டால் என்ன?" என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2017 ஜூலை இறுதியில் நம் நாட்டில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் ஒரு தீநிரலால் முடங்கின. பெட்டியோடு வந்த 'அட்மின்' என்ற கடவுச்சொல்லையே மாற்றாமல் வைத்திருந்த மோடம்கள்தான் சிக்கின. கடவுச்சொல்லை மாற்றுவதும் ஓட்டைகளை அடைப்பதும் அவசியம். புதுப்பிப்பது ஓட்டைகளை அடைக்கத்தான். நான் செய்த தப்பு, மழை நேரத்தில், யாரிடமும் சொல்லாமல், மின்சாரத்துக்கு மாற்று ஏற்பாடு இல்லாமல் செய்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்கள் நாம். இந்தக் கரையில் மழைக்காலத்துக் கரண்டை நம்பி எதையும் தொடங்கக் கூடாது.

இப்போது காவலாளி அறை ரவுட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். போட்டிருக்கிறோம். சரியான ஃபர்ம்வேர் கோப்பும், அமைப்புகளின் நகலும், செய்முறை எழுதிய ஒரு தாளும் ஒரு பென்டிரைவோடு கவரில் போட்டு அலுவலக அலமாரியில் இருக்கின்றன. இணையம் போன பிறகு இணையத்தில் தேட முடியாது அல்லவா? உங்கள் வீட்டு ரவுட்டருக்கும் இன்றே ஒரு கவர் தயார் செய்யுங்கள்.

இனிமேல் புதுப்பிப்பு பகலில்தான் நடக்கும். முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் எழுதுவோம். செய்பவர் பெயரும் அதில் இருக்கும். அடுத்த முறை ஏதாவது நின்றுபோனால் யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரியும். காவலாளி அண்ணனைக் கேட்க வேண்டியிருக்காது.