தோட்டம் எங்கே?

தெருவுக்குத் தெரு 'மாண்டிசோரி' போர்டு தொங்குகிறது. உள்ளே மூன்று வயதுக் குழந்தை பெஞ்சில் உட்கார்ந்து ஏ, பி, சி எழுதுகிறது!

டாக்டர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். யுத்தத்தினால் இத்தாலியரான அவர் ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் சுமார் இரண்டு வருஷம் கொடைக்கானலில் இருந்தார். அங்கே குழந்தைகள் செடியையும் பூச்சியையும் நேரில் பார்த்துக் கற்றார்கள். இலை நரம்பைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்து பி.எஸ்ஸி. தேறிய எனக்கு அவர்கள்மேல் பொறாமைதான்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் பண்ணையில் தங்கி, பயிரிட்டு, விளைந்ததை விற்றுக் கணக்கும் பார்க்க வேண்டும் என்றார் அவர். நாமோ கோச்சிங் வகுப்பில் அடைக்கிறோம்.

பேரனைச் சேர்க்கப் போகும்போது, ஃபீஸ் கேட்குமுன் தோட்டம் எங்கே என்று கேளுங்கள். மாடித் தொட்டியானாலும் சரி. தண்ணீர் விடுவது குழந்தையா, வாட்ச்மேனா என்றும் பாருங்கள்.