சட்டம் எந்த ஆபீஸில் இருக்கிறது?

(ஐயம்பேட்டையில் நிகழ்த்திய இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இரட்டைமலை சீனிவாசன் 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார். அவர் பிறந்த கோழியாளம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. காஞ்சிபுரமும் ஐயம்பேட்டையும் அதே மாவட்டத்தில்தான் இருந்தன. ஆகவே, இன்று நம் மாவட்டத்துக்காரர் ஒருவரை நினைவுகூரக் கூடியிருக்கிறோம். அவர் சட்டமன்றத்தில் பேசியவர், வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். சட்டத்தை நம்பிய அந்த மனிதரின் நினைவு நாளில் சட்டத்தைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தேன்.

இந்தத் தலைப்பு என்னுடையது அல்ல, ஓர் அம்மாவின் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்துக் குடும்பத்துடன் நிலப் பிரச்சனைக்காக அலைந்தேன். பாட்டனுக்கு அரசு ஒப்படைத்த கண்டிஷன் பட்டா நிலம். இப்போது வேறு சாதிக்காரர் கையில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் தாலுகாவுக்குப் போகச் சொன்னார். தாலுகாவில், “கிரயம் ரிஜிஸ்டர் ஆகியிருக்கு, கோர்ட்டுக்குப் போங்க” என்றார்கள். வக்கீல், “இது அரசு ஒப்படைத்த நிலம், கலெக்டர்தான் பார்க்கணும்” என்றார். காவல் நிலையத்தில், “நிலத் தகராறு சிவில் விவகாரம், நாங்க தலையிட முடியாது” என்றார்கள். திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்த அம்மா கேட்டார்: “சட்டம் சட்டம்னு சொல்றாங்களே, அது எந்த ஆபீஸ்ல இருக்குதும்மா?”

சமூகவியல் முதுகலை படித்த எனக்கு அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

கல்லூரிப் பாடம் சட்டத்தின் மூலங்களை வரிசையாகச் சொல்லும்: அரசமைப்பு, நாடாளுமன்றமும் சட்டமன்றமும் இயற்றும் சட்டங்கள், அவற்றின் கீழ் வரும் விதிகளும் அரசாணைகளும், நீதிமன்றத் தீர்ப்புகள், கடைசியாக வழக்கம். மேலே உள்ளது வலுவானது, கீழே உள்ளது அதற்குக் கட்டுப்பட்டது என்பது பாடம். நம் ஊர்களில் இந்த வரிசை தலைகீழாக இயங்குகிறது. எப்படி என்று நம் மாவட்டத்தின் நிலத்தை வைத்தே பார்ப்போம்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தப் பகுதி 1763இல் ஜாகீராகக் கிடைத்தது. வரி வசூலிக்க வேண்டுமானால் நிலம் யாருடையது என்று தெரிய வேண்டும். 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அதை விசாரித்தார். பிறகு எல்லிஸ் வந்தார். திராவிட மொழிக் குடும்பத்தை எடுத்துச் சொன்னவர் என்று நாம் கொண்டாடுகிற அதே எல்லிஸ்தான். மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில்கள் 1818இல் அச்சாயின. கேள்விகள் மிராசு உரிமையைப் பற்றியவை. பதில்களும் அதைப் பற்றியவைதான். அந்த நிலத்தில் இறங்கி உழுத சேரியின் உரிமை என்ன என்பது அந்த விசாரணையின் தலைப்பு அல்ல. இப்படித்தான் ஊரின் வழக்கம் அரசாங்கத்தின் காகிதத்தில் ஏறியது.

பிறகு நீதிமன்றமும் அதற்குத் துணை வந்தது. இராமநாதபுரம் ஜமீன் வழக்கில் 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில், நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட சாஸ்திர நூலையும் மிஞ்சும் என்று தீர்ப்பளித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மனு சொன்னதைவிட மக்களின் வழக்கம் பெரியது என்றுகூட அதைப் படிக்கலாம். ஆனால் வழக்கத்தை நிரூபிக்க ஏடு வேண்டும், பத்திரம் வேண்டும், சாட்சி வேண்டும். இவையெல்லாம் யாரிடம் இருந்தன? குடியிருக்கும் மனையே மிராசுதாரருடையது என்றிருந்த சேரியில் யார் சாட்சி சொல்ல வருவார்கள்?

இதை அரசாங்கத்தின் காகிதத்திலேயே எழுதியவர் ஒருவர் உண்டு. செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். தரிசு நிலம் கேட்டுப் பறையர் மனுப் போட்டால், தர்க்காஸ்து விதிகளில் தமக்கிருந்த முன்னுரிமையைக் காட்டி மிராசுதாரர்கள் தடுத்ததை அதில் விளக்கினார். அதே ஆண்டில்தான் அயோத்திதாசர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். நம் மக்கள் பேசத் தொடங்கிய காலத்தில்தான் அரசும் எழுதியது. வெள்ளைக்காரர் தானாக இரங்கி நிலம் கொடுத்தார் என்ற கதையை இனியும் சொல்ல வேண்டாம்.

அந்த அறிக்கையின் விளைவு 1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010ஆம் எண் வருவாய்த்துறை ஆணை. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதன் பிறப்புச் சான்று அதுதான். ஒப்படைத்த நிலத்தை முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். இவை ஒப்படைப்பின் நிபந்தனைகள்.

இங்கே சட்டத்தின் கட்டமைப்பைக் கவனியுங்கள். இது சட்டமன்றம் இயற்றிய சட்டம் அல்ல, ஓர் அரசாணை. ‘வெறும் ஆணைதானே, பதிவு செய்த கிரயத்தை அது எப்படித் தடுக்கும்?’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, விற்கவே கூடாது என்று முழுத் தடை போடும் நிபந்தனை செல்லாது என்கிறது அல்லவா என்பார். அதற்குப் பதில், 2018இல் நீக்கப்படும் வரை நடைமுறையில் இருந்த 1895ஆம் ஆண்டின் அரசு மானியங்கள் சட்டத்தில் இருந்தது. அரசு கொடுத்த நிலத்துக்கு அரசு விதித்த நிபந்தனையே பொருந்தும், பொதுவான சொத்துச் சட்டம் அதை முறிக்காது என்பது அதன் சாரம். சுதந்திரத்துக்குப் பிறகு பழைய சட்டங்கள் தொடரும் என்று அரசமைப்பின் 372ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, 1892இன் நிபந்தனைக்கு ஓர் ஆணை, ஒரு சட்டம், அரசமைப்பு என்று மூன்று தளங்களிலும் பிடிமானம் இருந்தது. தாலுகா அலுவலகத்தில் ‘கிரயம் ஆகிவிட்டது’ என்று சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். பதிவு அலுவலக முத்திரை, இல்லாத உரிமையை உண்டாக்காது.

அப்படியானால் நிலம் ஏன் போனது? கீழ்த்தளத்தில் போனது.

ஊர்க் கணக்கை எழுதியவர்கள் கர்ணமும் முன்சீப்பும். பெரும்பாலும் ஒரே குடும்பங்களில், தலைமுறை தலைமுறையாக இருந்த பதவிகள் அவை. தமிழ்நாட்டில் அவை 1980 நவம்பரில்தான் ஒழிக்கப்பட்டன. அதை எதிர்த்த வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகே அந்தக் கதை முடிந்தது. ஆனால் 1979இலேயே, யூ.டி.ஆர். என்று நாம் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிவிட்டது. பழைய பதிவேட்டில் ஒப்படைப்பு நிலம் என்றிருந்த குறிப்பு, புதிய ‘அ’ பதிவேட்டில் காணாமல் போன ஊர்கள் எத்தனையோ. யாரும் சட்டத்தைத் திருத்தவில்லை. குறிப்புக் கலத்தில் ஒரு வரியை எழுதாமல் விட்டார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு வரியோடு 1892ஆம் ஆண்டே போய்விட்டது.

அதைக் கேட்கப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1994இல் காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. அதற்காக அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது புதிய உரிமை அல்ல. 102 ஆண்டுக்கு முந்தைய ஆணையை நிறைவேற்று என்றுதான் கேட்டார்கள்.

இப்போது வேறொரு வரிசையைப் பாருங்கள். பொதுத் தெருவில் நடக்க, பொதுக் கிணற்றில் நீரெடுக்க, பொது இடங்களுக்குப் போக எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். எம்.சி. ராஜாவின் முயற்சியில் 1938இல் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. 1950இல் அரசமைப்பின் 17ஆம் பிரிவு. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அடிப்படையில் ஒரே வாக்கியத்தை ஐந்து முறை, தீர்மானமாக, மாகாணச் சட்டமாக, அரசமைப்பாக, மத்தியச் சட்டங்களாக எழுதியிருக்கிறோம்.

அடிமைமுறைக்கும் இதே கதிதான். 1843ஆம் ஆண்டுச் சட்டம், 1860இன் தண்டனைச் சட்டம், அரசமைப்பின் 23ஆம் பிரிவு, 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் என்று நான்கு முறை ஒழித்தோம். அதற்குப் பிறகும் இந்தப் பட்டு வட்டாரத்தில் முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்தார்கள். இங்கே இருக்கும் பெரியவர்கள் சிலர் அப்படி உட்கார்ந்தவர்களாகவே இருக்கலாம்.

நமக்கு ஆதரவான சட்டத்தைத் திரும்பத் திரும்ப, இன்னும் உயரமான இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. நமக்கு எதிரான வழக்கத்தை யாரும் திரும்ப எழுதுவதில்லை. அது ஊர்க் கணக்கிலும், ஊர்ப் பேச்சிலும், சில வேளை நீதிபதியின் ‘பொது அறிவிலும்’ உட்கார்ந்திருக்கிறது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள். வசதி படைத்த மிராசுதாரர்கள் தாங்களே நடந்து போய் வீடுகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற போக்கில் எழுதித்தான் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்த நம்பிக்கை எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? ஆனால் தீர்ப்பின் மூலம் அதுதான்.

தோழர்களே, இதைச் சொல்லி உங்களைச் சோர்வாக்க நான் வரவில்லை. சட்டம் மேலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு நம் காலத்திலேயே சான்று இருக்கிறது. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வன்கொடுமைச் சட்டத்தில் கைதுக்கு முன் அனுமதி, வழக்குக்கு முன் விசாரணை என்று தடைகள் போட்டது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிரும் கொடுத்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்தது. 2020இல் உச்ச நீதிமன்றமே அதை ஏற்றது. அந்தப் பிரிவின் மூலம் எது என்று தேர்வில் கேட்டால் ‘நாடாளுமன்றம்’ என்று எழுதுங்கள். ஆனால் தெருவை மறக்க வேண்டாம்.

அடுத்த வேலை கீழ்த்தளத்தில் இருக்கிறது. நம் இளைஞர்கள் தங்கள் ஊருக்கு மூன்று ஆவணங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: யூ.டி.ஆருக்கு முந்தைய நிலப் பதிவேடு, அதற்குப் பிந்தைய ‘அ’ பதிவேடு, வில்லங்கச் சான்று. தர மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சர்வே எண்ணாகப் படியுங்கள். எந்த வரி எந்த ஆண்டில் காணாமல் போனது என்று தெரிந்துவிடும்.

பிறகு கதவுகள். நிபந்தனை மீறிய ஒப்படைப்பை ரத்து செய்து நிலத்தைத் திரும்ப எடுப்பது வருவாய்த்துறையின் வேலை. மனு அங்கே போக வேண்டும். பட்டியல் சாதியினருக்கு ஒப்படைத்த நிலத்தை முறைகேடாக வைத்திருப்பதும், அவர்களை வெளியேற்றுவதும் வன்கொடுமைச் சட்டத்தின் 3(1) பிரிவில் குற்றம். ஆகவே ‘இது சிவில்’ என்று காவல் நிலையம் கையை உதற முடியாது. பட்டியல் சாதியைச் சேராத அதிகாரி தன் கடமையை வேண்டுமென்றே செய்யாவிட்டால், அவருக்கு 4ஆம் பிரிவு காத்திருக்கிறது. அன்று எங்களை ஒவ்வொரு கதவாக அனுப்பினார்களே, அந்த ஒவ்வொரு கதவுக்கும் உரிய சாவி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அந்த அம்மாவுக்கு இப்போது பதில் சொல்ல முடியும். சட்டம் டெல்லியிலும் சென்னையிலும் எழுதப்பட்டிருக்கிறதும்மா. ஆனால் அது நிறைவேறுவதும் நிறைவேறாமல் போவதும் உங்கள் ஊர்ப் பதிவேட்டின் குறிப்புக் கலத்தில்தான். இருநூறு ஆண்டுகளாக அதை எழுதியவர்கள் வேறு யாரோ. இனிமேல் அதை நாம் படிப்போம்.

ஜெய்பீம்.