குறைமாதக் குழந்தையும் தடுப்பூசி நாளும்



2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் பிறந்தபோது எடை பார்க்கப்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் இரண்டரை கிலோவுக்கும் குறைவான எடையுடையோர். இவர்களுள் ஒரு பகுதியினர் 37 வாரம் நிறையுமுன் பிறந்தவர்கள். தடுப்பூசி உரிய காலத்தில் மிகவும் தேவைப்படுவோர் இவர்களே. தாமதத்திற்கு ஆளாகிறவர்களும் இவர்களே.

தாயின் இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் நஞ்சு வழியே சிசுவைப் பெருமளவில் சென்றடைகின்றன. குறைமாதக் குழந்தைக்கு இந்தச் சேமிப்பு முழுமையாகக் கிட்டுவதில்லை. ஆயினும், "கொஞ்சம் சதை பிடிக்கட்டும்" என்கிறாள் பாட்டி. சில இடங்களில் செவிலியரும் அதையே சொல்கிறார். அச்சம் இயல்பானது, அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. உடல்நிலை சீராக உள்ள குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டே 6, 10, 14 வாரங்களில் ஊசி போடப்பட வேண்டும். பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து அன்று. மருந்தின் அளவையும் குறைக்கலாகாது. மிகவும் முன்னதாகப் பிறந்து இன்னும் மருத்துவமனையிலேயே உள்ள சிசுவுக்கு மட்டும், ஊசிக்குப் பின் இரண்டு மூன்று நாட்கள் மூச்சைக் கண்காணித்தல் அவசியம்.

நிர்வாகச் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. தேசிய அட்டவணையில் ஹெபடைடிஸ் பி பிறப்பு ஊசிக்கு 24 மணி நேரமும், பிறப்புப் போலியோ சொட்டு மருந்துக்கு 15 நாட்களும் வரம்பு, பி.சி.ஜி.க்கு மட்டும் ஓராண்டு வரை இடமுண்டு. சிறப்புச் சிசுப் பராமரிப்புப் பிரிவில் மூன்று வாரம் தங்கும் குழந்தைக்கு முதலிரண்டு வாய்ப்புகளும் அங்கேயே கழிந்துவிடக்கூடும். சிசுப் பிரிவு பார்த்துக்கொள்ளும் எனப் பிரசவ அறையும், வீடு திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் எனச் சிசுப் பிரிவும் இருந்துவிட்டால், குழந்தை இரண்டுக்கும் நடுவே தவறிப்போகிறது.

குப்பியின் கணக்கும் ஒரு தடையே. பத்துப் பேருக்குரிய பி.சி.ஜி. குப்பியைக் கரைத்தால் நான்கு மணி நேரத்தில் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒரு குழந்தைக்காக அதைத் திறப்பதா என்ற தயக்கம் எழுகிறது. வீணான மருந்து இருப்பு ஏட்டில் பதிவாகிறது. காத்திருந்து ஊசியின்றித் திரும்பிய தாய் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. இது தவறான சிக்கனம். ஹெபடைடிஸ் பி குப்பிக்கோ இச்சாக்கும் பொருந்தாது. முறையாகக் குளிர்காப்பில் வைத்தால் திறந்த பின்னும் 28 நாட்கள் வரை பயன்படுத்த விதிகள் அனுமதிக்கின்றன.

2011இல் தொடங்கப்பட்ட வீட்டுவழிச் சிசுப் பராமரிப்புத் திட்டத்தில் ஆஷா பணியாளர் 42ஆம் நாள் வரை குழந்தையை வீட்டில் சென்று பார்க்கிறார். அவருக்குரிய 250 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, எடையைப் பதிவு செய்தலும் உரிய தடுப்பூசிகளும் நிபந்தனைகளாக வைக்கப்பட்டன. பொருளாதார நோக்கில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்றாம் வாரத்தில் வீடு திரும்பும் குழந்தைக்கு ஆறாம் வார ஊசிக்கு எஞ்சுவது மூன்றே வாரங்கள். போடப்பட்டவை, விடுபட்டவை, அடுத்த ஊசியின் தேதி ஆகியவற்றை மருத்துவமனைச் சீட்டிலும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையிலும் அன்றே எழுதி, கிராமத் துணைச் செவிலியருக்கும் ஆஷாவுக்கும் தெரிவிக்க, புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.