அடிக்கும் கையை அறிதல்

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிள்ளையைக் கண்டிக்கும் தாய்க்கு ஒருவாறு பொருந்தக்கூடிய இம்மொழி, எப்படியோ இடம்பெயர்ந்து, மனைவியை அடிக்கும் கணவனுக்குச் சாட்சி சொல்ல வந்துவிட்டது. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஒரு பெண் உடலிற் காயத்தோடு தாய்வீட்டுப் படலையைத் திறந்தால், இரண்டு நாள் வைத்திருந்து, புத்தி கூறி, மூன்றாம் நாள் பெரியவர் ஒருவரைத் துணைக்கூட்டித் திருப்பி அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இந்த வைத்தியம் சில வீடுகளிற் பலிக்கிறது. வேறு சில வீடுகளில் உயிருக்கே உலை வைக்கிறது. அடிப்பவர் யாவரும் ஒரே தன்மையர் அல்லர் என்பதே இதற்குக் காரணம்.

இது எங்கோ ஒரு வீட்டில் நிகழும் சங்கதியன்று. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டு நடத்திய ஆய்வின்படி, இலங்கையில் மணவாழ்வு அல்லது துணைவாழ்வு கண்ட பெண்களுள் ஐவரில் ஒருவர், துணைவனின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஒரு முறையேனும் ஆளாகியிருக்கின்றார்.

அமெரிக்க உளவியலாளர்களான ஹோல்ட்ஸ்வொர்த்-மன்றோவும் ஸ்டுவர்ட்டும் 1994இல் இத்தகைய ஆடவரை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினர். வீட்டினுள் மட்டும் கைநீட்டுவோர் ஒரு வகை. மனம் நிலைகொள்ளாது ஐயத்திலும் அச்சத்திலும் உழல்வோர் ஒரு வகை. வீட்டிலும் வெளியிலும் முரடராகவே திரிவோர் மற்றொரு வகை. மூன்றாம் வகையினரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அவரை ஊரே அறியும். அவரிடம் சமாதானம் பேச உறவினர் தனியே போகலாகாது, பொலிசாரே போகவேண்டும் என்பதை மட்டும் நினைவிற் கொண்டாற் போதும்.

முதல் வகையினரைப் பற்றித்தான் ஊரார் பெரிதும் மயங்குகின்றனர். இழுவைப் படகுகள் வலையை அறுத்துப்போக, கடன்காரன் வாசலில் நிற்க, கள்ளருந்திவிட்டு வந்து சண்டை மூட்டும் கடற்றொழிலாளியைக் கண்டு, "குடிதான் காரணம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். வழியில் எதிர்ப்பட்ட கடற்படையினனுக்கு அவர் எவ்வளவு பணிவாக வழிவிட்டார் என்பதை எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை. யாரை அடிக்கலாம், யாரை அடிக்கலாகாது என்ற கணக்கு குடித்த மூளைக்கும் தெரிந்திருக்கிறது. எனினும் குடியை நிறுத்தும் சிகிச்சையும், கடனுக்கு ஒரு வழியும், உறவினரின் கண்டிப்பும் சேர்ந்தால் இவருள் ஒரு பகுதியினர் திருந்தக்கூடும். மனைவிக்கு அவரிடம் நிரந்தரமான அச்சம் இல்லையாயின், இணக்கமாகப் பேசிப் பார்க்கவும் இடமுண்டு.

இரண்டாம் வகையினர் அடித்தபின் காலில் விழுந்து அழுவர். கொந்தளிப்பு, அடி, கண்ணீர், மீண்டும் கொந்தளிப்பு என்ற இந்தச் சுழலை லெனோர் வாக்கர் என்னும் உளவியலாளர் 1979இலேயே விளக்கியிருக்கின்றார். "நீ போனால் நஞ்சு குடிப்பேன்" என்பது இவர்தம் வழக்கமான வாசகம். அதை வெற்று மிரட்டல் என்று தள்ளவும் கூடாது. அதற்காக மனைவியைப் பிணையாக வைத்துவிடவும் கூடாது. அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டியது அவருடைய சகோதரரின் பொறுப்பு. பெண் பிரிந்து செல்லும் வேளையே இவர் மிகக் கொடியவராக மாறக்கூடிய வேளையாதலால், பிரியும் நாளை முன்கூட்டி அவருக்கு அறிவித்தல் தகாது.

இம்மூன்றினுள்ளும் எளிதில் அடங்காத ஒருவரும் உண்டு. அவர் குடிப்பதில்லை, கோயிற் காரியங்களில் முன்னிற்பார், அடிப்பதுகூட அரிதாகவே இருக்கலாம். ஆனால் மனைவியின் கைத்தொலைபேசி அவர் கையில். கனடாவிலிருந்து அவளுடைய தமையன் அனுப்பும் பணமும் அவர் கையில். அவள் எவரோடு பேசினாள், ஏன் தாமதித்தாள் என்பதற்கு நாள்தோறும் கணக்குக் கொடுக்கவேண்டும். மைக்கேல் ஜோன்சன் 1995இலும், இவன் ஸ்டார்க் 2007இலும் வற்புறுத்திய உண்மை இதுதான்: அடிகளின் எண்ணிக்கையன்று, அடக்கியாளும் முறையே அளவுகோல். தேசவழமையின்படி சீதனவீடு மனைவிக்கே உரியது; ஆனால் அதை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இத்தகையவர் கையில் அந்தச் சம்மதமும் ஒரு கயிறாகிவிடும். இவரையும் மனைவியையும் இணக்கசபையில் எதிரெதிரே இருத்துவது வீண்வேலை. வீண் மட்டுமன்று, அங்கே அவள் வாய்திறந்து சொன்னதற்கெல்லாம் வீட்டில் தண்டனை காத்திருக்கும். வேலித் தகராற்றுக்கு ஏற்ற மன்றம் இதற்கு ஏற்றதன்று.

எவ்வகையினராயினும் ஓர் அடையாளத்தை மட்டும் அலட்சியம் செய்யலாகாது. கழுத்தை நெரித்தவர் பின்னொருநாள் கொலை செய்யும் அபாயம் பன்மடங்கு மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே ஒருமுறை நெரித்தாலும், வெளியே காயம் தெரியாவிட்டாலும், அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடற்காயத்தோடு கடுமையான மனத்துன்புறுத்தலையும் வன்முறையாகக் கொள்கிறது. பாதிக்கப்பட்டவர் தாமே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அவர் சார்பிற் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். நீதவான் உடனே இடைக்காலக் கட்டளை வழங்கி, பதினான்கு நாளுக்குள் விசாரணைக்கு நாள் குறிப்பார். பாதுகாப்புக் கட்டளை பன்னிரண்டு மாதம் வரை நீடிக்கலாம். கணவனை அந்த வீட்டினுள் நுழையாது தடுக்கவும், உளவள ஆலோசனைக்குக் கட்டாயமாக அனுப்பவும் அதனால் முடியும். இது குற்றவழக்கன்று, கட்டளையை மீறினாற்றான் சிறை. "புருஷனை மறியலுக்கு அனுப்பினாள்" என்ற பழிக்கு அஞ்சி ஒதுங்குவோர் இதை அறிந்திருத்தல் நன்று.

தீவுகளில் சட்டத்துக்கும் பெண்ணுக்கும் இடையே கடலும் கிடக்கிறது. நெடுந்தீவிலிருந்து ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு வருபவள் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவையும் வேலணையையும் கடந்தாக வேண்டும். படகில் இருப்போர் எல்லோரும் அவளை அறிவர். அவள் கரைசேருமுன்னே செய்தி வீடு சேர்ந்துவிடும். ஆனால் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலும் விண்ணப்பிக்கச் சட்டம் இடந்தருகிறது. ஆதலின் யாழ்ப்பாண நகரில் உறவினர் வீட்டுக்குப் போவதுபோற் போய், அங்கிருந்தே காரியத்தைத் தொடங்கலாம். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதியின் பிரதி ஆகியவற்றை முன்னரே நம்பிக்கையான அயலவரிடம் கொடுத்துவைக்கலாம். மகளிர் விவகார அமைச்சின் 1938 என்ற தொலைபேசி இலக்கத்தை ஏட்டில் எழுதாது மனத்திற் பதித்துக்கொள்வது நல்லது. ஏட்டைத் திறந்து பார்ப்பவர் வீட்டிலேயே இருக்கின்றார்.