நான்கு சகோதரியர் வாழும் வீடு
(ஆண்டு விழாவில் மாதர் அரங்கில் நிகழ்த்திய உரை)



ஜப்பானியப் படம் ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று கேள்வியுற்று, வாள்வீச்சை எதிர்பார்த்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். இப்படத்தில் எவரும் எவரையும் வெட்டுவதில்லை. சமைக்கிறார்கள், உண்கிறார்கள், தோட்டத்து மரத்தில் காய் பறிக்கிறார்கள். ஆயினும் குடும்பம் நடத்துகின்ற நமக்கு இதைக் காட்டிலும் அச்சமூட்டும் கதை வேறு இருக்குமா என்பது ஐயமே.

ஹிரோகசு கொரே-எடா என்னும் இயக்குநர், அகிமி யோஷிதா என்ற அம்மையாரின் சித்திரக் கதையைத் தழுவி 2015-ஆம் ஆண்டில் எடுத்த படம் இது. ‘கடலோர நகரின் நாட்குறிப்பு’ என்று அதன் பெயருக்குப் பொருள் கூறலாம். டோக்கியோவுக்குத் தெற்கேயுள்ள காமகுரா நகரில், பாட்டி விட்டுச்சென்ற பழைய மரவீட்டில் மூன்று சகோதரிகள் வாழ்கின்றனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தந்தை வேறொருத்தியை நாடிப் போய்விட்டார். பின்னர்த் தாயும் மறுமணம் செய்துகொண்டு அகன்றாள். மூத்தவள் சச்சி, செவிலியாகப் பணிபுரிபவள், தங்கையர் இருவரையும் தாயாக இருந்து வளர்த்தாள்.

தந்தை இறந்த செய்தி வருகிறது. ஈமச் சடங்குக்குச் சென்ற இடத்தில், அவருடைய இரண்டாம் மனைவிக்குப் பிறந்த சுசு என்னும் பள்ளிச் சிறுமியைக் காண்கிறார்கள். அவளைப் பெற்றவளும் இறந்துவிட்டாள். இருப்பவள் மூன்றாம் மனைவி. வந்தோர்க்கு நன்றி கூறும் பொறுப்பை அச்சிறுமியின் தலையில் சுமத்த முற்படும்போது, அது பெரியவர்களுடைய கடமை என்று சச்சி தடுக்கிறாள். (இந்த மூன்றாம் மனைவியை மட்டும் இயக்குநர் சற்றே இரக்கமின்றித் தீட்டிவிட்டார் என்பது என் கருத்து.) நோயுற்ற தந்தையின் அருகிலிருந்து பணிவிடை செய்தவள் இச்சிறுமியே என்பதைச் சச்சி உணர்ந்துகொள்கிறாள். ரயில் புறப்படும் தறுவாயில், எங்களோடு வந்து இருக்கிறாயா என்று கேட்கிறாள். கதவு மூடுமுன் சுசு இசைகிறாள்.

உங்கள் குடும்பத்தைக் குலைத்தவளின் மகளல்லவா இவள் என்கிறாள் உறவுக்காரக் கிழவி. நம் காலனியிலும் இவ்வார்த்தை எழாமல் இராது. எழுப்புகிறவர் நம்மில் ஒருவராகவும் இருக்கலாம். இயக்குநர் அக்கிழவியைக் கொடியவளாகக் காட்டவில்லை. அவள் சொல்வது உண்மைதான்; அவ்வுண்மையோடுதான் நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு பொருளைக் கவனியுங்கள். அவ்வூரில் நெத்திலியினும் சிறிய வெண்மீனை விரும்பி உண்பர். சுசு அதை முதன்முறையாக உண்பவள் போல் நடந்துகொள்கிறாள். உண்மையில் தந்தை அவளுக்குப் பலமுறை செய்து கொடுத்த பண்டம் அது. அவளுடைய இனிய நினைவுகள் யாவும் மற்ற மூவர்க்கும் மறுக்கப்பட்டவை. தந்தையின் பெயரை எடுத்தாலே களவுப் பொருளை வெளியில் காட்டியது போலாகுமே! ஒரு குழந்தை தன் மகிழ்ச்சிக்காக நாணி நிற்பதைக் காட்டிலும் துயரமானது எது?

சச்சியின் நிலையோ இன்னும் சிக்கலானது. தந்தையைக் கவர்ந்தவளை ஆண்டுக்கணக்காக வெறுத்தவள், மனைவியுள்ள ஒரு மருத்துவரிடம் தானே மனத்தைப் பறிகொடுத்திருக்கிறாள். மனைவியுள்ளவரை நேசித்தது என் தாயின் பிழை என்று சுசு வருந்தும்போது, அச்சொல் தன்னையும் தைக்கிறது என்பதை அறியாமலே வருந்துகிறாள். இயக்குநர் இங்கே இசையை உயர்த்தவில்லை, எவரையும் கதறவிடவில்லை. அம்மருத்துவர் அமெரிக்காவுக்கு உடன்வர அழைக்கிறார். சச்சி செல்லவில்லை.

தாய் ஒருநாள் வருகிறாள். வீட்டை விற்றுவிடலாமா என்கிறாள். மூத்தவளுக்கும் அவளுக்கும் வாக்குவாதம் மூள்கிறது. பின்னர் இருவரும் பாட்டியின் கல்லறைக்குச் செல்கின்றனர். தாய் ஊர் திரும்பும் வேளையில் சச்சி வீட்டுக்கு ஓடிப்போய், பாட்டி தன் கையால் ஊறவைத்த பழமதுவில் எஞ்சியதையும், இவ்வாண்டு தாங்கள் போட்டதையும் கொண்டுவந்து தாயின் கையில் கொடுக்கிறாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. மன்னித்தாளா என்பதும் எனக்குத் தெளிவாக விளங்கவில்லை. மரத்தில் இவ்வாண்டும் காய் காய்த்தது, அதில் உனக்கும் பங்குண்டு என்ற அளவே அங்கே நிகழ்ந்தது.

சச்சியும் சுசுவும் குன்றின்மேல் ஏறிக் கடலை நோக்கி நிற்கும் காட்சி ஒன்று உண்டு. அக்காள் தந்தையை ஏசிக் கூவுகிறாள். தங்கை தன் தாயை ஏசிக் கூவுகிறாள். பிறகு அக்காள் அவளை அணைத்துக்கொண்டு, இங்கேயே நீ இருக்கலாம் என்கிறாள். அங்கே அழத்தொடங்கிய என் பக்கத்து வீட்டு அம்மாள், படம் முடிந்து வீடு திரும்பும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.