கடலை அகழியாகக் கொண்ட ஊர்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலைவளைவுகள் தொடங்கும் இடத்தில் கல்லாறு என்னும் சிற்றூர் இருக்கிறது. உருண்டு திரண்ட கற்களின் மேல் தெளிந்த நீர் ஓடுவதால் ஆற்றுக்கும் ஊருக்கும் அதுவே பெயராயிற்று. அவ்வூரைச் சூழ்ந்த மலைத்தொடரிலேயே, தெற்கே 1868 மீட்டர் உயர்ந்து நிற்கிறது அகத்தியர்கூடம். பொதியில் என்று நம் பழம்புலவர் போற்றிய மலை அது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய ஆய் அண்டிரன் அம்மலை நாட்டை ஆண்ட வள்ளல். பிற்காலத்தில் ஆய் என்னும் அப்பெயரைத் தாங்கிய அரசர்கள் மலையிலிருந்து கடற்கரை வரை ஆண்டனர். அந்நாட்டின் மலைமுனையில் கல்லாறு இருக்கிறது. அதன் கடல்முனையில் இருந்த விழிஞத்துக்கு இன்று நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

கல்லாற்றிலிருந்து விதுரை, நெடுமங்காடு வழியாக நகருக்கு இறங்கி, கிழக்குக் கோட்டையில் மீண்டும் பேருந்து ஏறினால், தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் விழிஞம் வந்துவிடும். வழியில் கோவளத்தில் பெருங்கூட்டம் இறங்கிவிடுகிறது. கடல் நீராடுவோர் பலர். அடுத்த ஊருக்கு நடந்து சென்று பழமையைக் காண்போர் சிலர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த கடற்பயண நூலில், நல்ல துறைமுகமும் கரையோரச் சிற்றூரும் உடைய பலிதா என்னும் இடம் கூறப்படுகிறது. அது விழிஞமே என்று கருதும் அறிஞர் உண்டு. வர்க்கலை என்போரும் உண்டு. அண்மைக் காலத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தார் இங்கே நடத்திய அகழாய்வில் மேலை நாட்டு மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்துள்ளன.

ஊருக்குள் நாம் முதலில் காண வேண்டியது ஒரு சிறு குடைவரைக் கோயில். 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். ஒரே பாறை, அதில் ஒரே அறை. உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியின் சிலை. வாயிலின் இருபுறமும் பாறை முகத்தில் இரு புடைப்புச் சிற்பங்கள்: ஒன்றில் வில்லேந்திய சிவன், மற்றொன்றில் ஆடும் சிவனும் அருகே உமையும். இரண்டும் முடிக்கப்படாதவை. உருவத்தின் கோடுகள் எழுந்திருக்கின்றன, நுண்வேலை நிறைவுறவில்லை. உளி ஏன் நின்றது என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. ஆனால் அந்நூற்றாண்டில் இவ்வூர் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு, அந்தச் சிற்பங்களின் முன் நிற்கும்போது நெஞ்சம் கனக்காமல் இராது.

பாண்டியன் நெடுஞ்சடையன் 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேணாட்டரசனை வென்று விழிஞத்தைக் கைக்கொண்டதாக அவனுடைய சீவரமங்கலச் செப்பேடு கூறுகிறது. அவனது 23-ஆம் ஆட்சியாண்டில் ஆய் அரசன் சடையன் கருநந்தன் மேல் படையெடுத்து அருவியூர்க் கோட்டையை அழித்த செய்தியைக் கழுகுமலைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பின்னர்ச் சேரமானார் படை விழிஞத்தை நோக்கி வந்ததையும், அப்போரில் பாண்டியன் பக்கத்து வீரர் மடிந்ததையும் 27-ஆம் ஆட்சியாண்டுக் கல்லெழுத்து ஒன்று தெரிவிக்கிறது. இரு நூற்றாண்டுகள் கழித்துச் சோழர் வந்தனர். கடலையே அகழியாகக் கொண்டு, பெருமதிலால் பொலிந்து, பகைவர்க்கு அரிதாயிருந்த விழிஞத்தை இராசராசனின் தண்டநாயகன் வென்றான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. முதற் குலோத்துங்கன் காலத்துப் பரணியிலும் விழிஞத்தின் பெயர் வருகிறது. இவ்வாறு மூவேந்தர் படைகளும் மோதிய களம் இது. இன்றோ கடலோரத்தில் பெருங்கற்களால் அடுக்கிய மதிலின் சில எச்சங்களும், கோட்டைப்புறம் என்னும் இடப்பெயருமே எஞ்சியுள்ளன.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். மேலே கூறிய செய்திகள் அனைத்தும் யாருடைய வாயிலிருந்து வந்தவை? வென்றவர் வாயிலிருந்து வந்தவை. அல்லது வெல்ல வந்தவரோடு பொருதவர் வாயிலிருந்து வந்தவை. காந்தளூர்ச் சாலை கலமறுத்த பெருமையைப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் நாம். கலம் என்பது மரக்கலமோ உண்கலமோ என்று அறிஞர் இன்னும் வாதிடுகின்றனர். அச்சாலையில் இருந்தவர் யார் என்று கேட்போர் குறைவு.

அதற்கு விடை தரும் ஏடு ஒன்று உண்டு. ஆய் அரசன் கருநந்தடக்கன் கி.பி. 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயில் எடுத்து, 95 சட்டர்கள் தங்கிக் கற்கும் சாலை ஒன்றையும் நிறுவினான். சட்டர் என்போர் மறை பயிலும் மாணாக்கர். இச்சாலைக்குக் காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கே முன்மாதிரி. இவற்றைக் கூறும் செப்பேட்டின் மொழி தமிழ். ஆகவே போரில் தோற்ற நாடு பிறமொழி நாடு அன்று; நம் மொழியில் கல்விச்சாலைக்கு விதி எழுதிய நாடு. வென்றவர் தமிழையே நம் தமிழ் என்றும், தோற்றவர் தமிழைப் பிறருடையது என்றும் பிரித்தல் நியாயமாகாது. 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது சாலை இருந்த பார்த்திவபுரம் தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில் சேர்ந்தது. கோட்டை இருந்த விழிஞம் கேரளத்தில் நின்றது. ஒரே அரசின் இரு உறுப்புகள் இன்று இரு மாநிலங்களில் உள்ளன. பிற மாநிலத்தில் வாழும் தமிழர் இதனை அறிந்தால், தாம் குடியேறிய மண்ணை அயல் மண் என்று எண்ணும் எண்ணம் சிறிதேனும் தளரும்.

பழைய துறை மீண்டும் உலகின் கண்ணில் பட்டிருக்கிறது. கரையருகிலேயே கடல் ஆழமாக இருப்பதும், பன்னாட்டுக் கப்பல்வழி அண்மையில் செல்வதும் அதற்குக் காரணம். 2024 சூலையில் முதல் பெருஞ்சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2-ஆம் நாள் புதிய துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன், 2022-இல், கரை அரிப்பையும் வாழ்விழப்பையும் அஞ்சிய மீனவ மக்கள் நூறு நாட்களுக்கு மேல் போராடினர். துறைமுகத்தின் வருவாயும் கப்பல்களின் எண்ணிக்கையும் ஏடுகளில் ஏறும் என்பதில் ஐயமில்லை. அக்கரையில் வலை உலர்த்தியவர் சொன்னதும் அதே ஏட்டில் ஏற வேண்டும். ஒரு பக்கத்துச் சொல் மட்டும் நிலைத்தால் வரலாறு எவ்வாறு குறைபடும் என்பதற்கு விழிஞத்தைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நேயர்கள் திருவனந்தபுரம் வரும்போது ஒரு முற்பகலை விழிஞத்துக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முதலில் குடைவரையைக் காட்டுங்கள். பிறகு கடலோரம் நடந்து மதிலின் கற்களைக் காட்டுங்கள். இராசராசன் வென்றான் என்று சொல்லுங்கள். கருநந்தடக்கன் 95 பேருக்குச் சோறும் கல்வியும் அளித்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.